அரக்கு வாங்கும் வெளிச்சம்

அரக்கு நிறப் பட்டுப் புடவையை மடித்து வைத்து, மடிப்பின் ஓரத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். துணி வளையும் முகட்டில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று ஓடும். கீற்று மங்கும் இடத்தில் அரக்கின் செம்மை உள்ளிருந்து எழும்பி வரும். இன்னும் கீழே, மடிப்பின் உள்வாயில், நிறம் என்று எதுவும் சொல்ல முடியாத இருட்டு. இரண்டு விரற்கடை அகலத்துக்குள் இத்தனையும் இருக்கிறது.

காஞ்சிப் பட்டின் அழகைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஜரிகையில் தொடங்கி ஜரிகையிலேயே நின்றுவிடுவார்கள். அந்த ஜரிகை எழும்பி நிற்க இடம் கொடுக்கும் இருண்ட உடலைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன். அரக்கு, நாவற்பழம், கத்திரிக்காய் ஊதா, மயில்கழுத்து, கறுப்பு. மேலே விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு சிறுபங்கைத் திருப்பித் தரும் நிறங்கள் இவை. திரும்பி வரும் சிறுபங்குதான் நம் கண்ணுக்கு விருந்து. வாங்கிக்கொண்ட பெரும்பங்கு எங்கே போகிறது என்று தேடிப் போனால் சாயத்தொட்டி, தறி, கோயில், கல்தரை என்று காஞ்சிபுரம் முழுவதையும் சுற்றி வர வேண்டியிருக்கும்.

முதலில் முகட்டில் ஓடும் அந்த வெள்ளைக் கீற்று. காற்றிலிருந்து பட்டிழையின் மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. சாயத்தை அது தொடுவதே இல்லை. எனவே அந்தக் கீற்றில் புடவையின் நிறம் இருக்காது, விளக்கின் நிறம்தான் இருக்கும். கறுப்புப் பட்டானாலும் கீற்று வெள்ளைதான். புழு நூற்ற இழை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அகலம். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். பக்கங்கள் வழவழப்பானவை. கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டில் இந்த வழவழப்பு தெரியாது, மேலே பசை மூடியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசையை நீக்கும்போது பட்டு தன் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இழந்து, பளபளப்பைப் பெறுகிறது.

பருத்தி இழையோ சப்பையாகச் சுருங்கி, தனக்குத்தானே முறுக்கிக்கொண்டிருக்கும். அதன் மேற்பரப்பில் திரும்பும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் சிதறலில் கொஞ்சம் கண்ணில் விழும். கறுப்புப் பருத்திச் சேலை சற்றே சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான். பட்டில் அந்த நான்கைந்து பங்கும் ஒரே திசையாகப் போய்விடுவதால் மற்றத் திசைகளில் கறுப்பு முழுக் கறுப்பாக நிற்கிறது. பட்டு இவ்வளவு மின்னுவதும் இவ்வளவு இருள்வதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்.

மேற்பரப்பில் திரும்பாமல் உள்ளே நுழைந்த ஒளிக்கு அங்கே சாய மூலக்கூறுகள் காத்திருக்கின்றன. கரியணுக்களும் நைட்ரஜன் அணுக்களும் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறிக் கைகோத்த நீண்ட அமைப்பு அது. அதில் சில எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமாக ஒட்டிக்கொள்ளாமல் அமைப்பு முழுவதும் பரவியிருக்கும். அரக்குச் சாயத்தின் எலக்ட்ரானுக்கு மேல்படி ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, பச்சை, நீல ஒளியின் ஃபோட்டானில் அந்த அளவு இருக்கிறது. அந்த ஃபோட்டான் அதோடு தீர்ந்துபோகிறது. எலக்ட்ரான் மேலே ஏறுகிறது. சிவப்பு ஃபோட்டானில் ஆற்றல் போதாது. அது தப்பித்து, இழைகளுக்குள் மோதித் திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. நாம் அரக்கு என்று ரசிப்பது அந்த மிச்சத்தைத்தான்.

மேலே ஏறிய எலக்ட்ரான் அங்கே தங்குவதில்லை. துணிக்குப் போடும் பல சாயங்களில் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்துக்குள் அது கீழே இறங்கிவிடுகிறது. வாங்கிய ஆற்றலை மறுபடி ஒளியாக விட்டால் சாயம் தானே ஒளிரும். அரக்கு அப்படிச் செய்யாது. ஆற்றல் மூலக்கூறின் நடுக்கமாகிறது. அந்த நடுக்கம் அதைப் பற்றியிருக்கும் பட்டுப் புரதத்துக்குப் போகிறது, அங்கிருந்து அடுத்த இழைக்கு, அடுத்த மடிப்புக்கு. அணுக்களின் இந்தத் தாறுமாறான நடுக்கத்தைத்தான் நாம் சூடு என்கிறோம். சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 வினாடி பயணம் செய்து வந்த வெளிச்சம் அரக்குப் புடவையின் முந்தானையில் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு குறைந்த நேரத்தில் வெதுவெதுப்பாக மாறிவிடுகிறது. கணக்கில் ஒரு துளி குறைவதில்லை.

சாயப்பட்டறையில் இதன் இன்னொரு நுட்பம் கிடைக்கும். கொதிக்கும் சாயநீரிலிருந்து தூக்கும் நூல் கழி, காய்ந்த பிறகு இருக்கப்போவதைவிட ஓரளவு இருண்டே தெரியும். உலர்ந்த கழியில் இழைக்கு இழை இடையே காற்று. பட்டுக்கும் காற்றுக்கும் ஒளியை வளைக்கும் திறனில் வேறுபாடு அதிகம் என்பதால், ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் ஒளி சிதறி வெளியே திரும்பிவிடும். நனைந்த கழியில் அந்த இடைவெளியை நீர் நிரப்புகிறது. நீர் பட்டுக்கு நெருக்கமான குணமுடையது. சிதறல் குறைகிறது, ஒளி இன்னும் ஆழம் போகிறது, வழியில் இன்னும் பல சாய மூலக்கூறுகளைச் சந்தித்து மாட்டிக்கொள்கிறது. சாயம் ஒரு சொட்டும் கூடவில்லை, ஒளி போகும் தூரம்தான் கூடியிருக்கிறது. கைதேர்ந்த சாயக்காரர் ஈரக் கழியைப் பார்த்தே காய்ந்த நிறத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு எந்தக் கருவியும் சுலபத்தில் ஈடாகாது.

கோயிலிலும் இதே நிகழ்ச்சிதான். கருங்கல் தூண்களில் பக்தர்களின் கை படும் உயரம் மட்டும் கறுத்து மினுங்கும், அதற்கு மேலே அதே கல் சாம்பலாக நிற்கும். எண்ணெய்க் காப்பிட்ட கற்சிலை கறுப்பாகத் திரளும். கல்லின் நுண்ணிய சொரசொரப்பை எண்ணெய் நிரப்பியதும் மேலே சிதறிக்கொண்டிருந்த ஒளி உள்ளே போகத் தொடங்குகிறது. சிதறாத சிறுபங்கு ஒரே திசையில் திரும்பி, தோளிலும் மூக்கின் நுனியிலும் சுடரின் சாயலை வைக்கிறது. பட்டுக்குச் சொன்ன இலக்கணம் கல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது.

மடிப்பின் உள்வாய் இருட்டுக்கு வருவோம். கொசுவத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழையும் ஒளி ஒரு சுவரில் பட்டுப் பத்தில் ஒரு பங்காகத் திரும்புகிறது என்று வையுங்கள். அது எதிர்ச்சுவரில் படும்போது நூறில் ஒரு பங்கு. மறுபடி இந்தச் சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்றே மோதலில் ஒளி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. புடவையின் பரந்த உடல் அரக்காகவும் கொசுவத்தின் அடி கறுப்பாகவும் தெரிவதற்கு இந்தக் கணக்குப் போதும். 2014இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட வான்டாபிளாக் என்ற பூச்சு, விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்குகிறது. கரிக் குழாய்களை மயிரிழையினும் மிக மெல்லியதாக நெருக்கி நிறுத்தி, ஒளியை அவற்றின் நடுவே சிக்கவைப்பதுதான் அதன் உத்தி. கொசுவம் செய்கிற வேலைதான், அளவு வேறு.

கைலாசநாதர் கோயிலுக்கு உச்சி வெயிலில் போனால் இதைக் கட்டடமாகவே காணலாம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில் அது. பிரகாரத்தைச் சுற்றி 58 சிறு சந்நிதிகள். வெளிச்சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், வாசல் ஒவ்வொன்றும் இருட்டுக் கட்டமாக நிற்கும். உள்ளே இருப்பதும் அதே கல்தான். வாசல் வழியாக நுழைந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதித் தேய்ந்து, திரும்பி வாசலைக் கண்டுபிடிப்பதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. இயற்பியலில் முழுக் கறுப்புப் பொருளுக்கு மிக நெருங்கிய மாதிரி எது என்று கேட்டால், சிறு துளை மட்டும் உள்ள அடைத்த அறை என்றுதான் பதில் வரும். கிர்ச்சாஃப் 1860இல் இலக்கணம் சொன்ன அந்தக் கறுப்பை மாக்ஸ் பிளாங்க் 1900இல் கணக்கில் பிடித்தார். டாக்காவிலிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் அந்தக் கணக்கைப் புது வழியில் வருவித்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். குவாண்டம் இயற்பியல் பிறந்தது ஓர் இருட்டறையின் வாசலில்.

கிர்ச்சாஃப் கண்டது இதுதான்: எது நன்றாக ஒளியை வாங்குகிறதோ, சூடேறினால் அதுவே நன்றாக ஒளியை விடும். இதற்குச் சாட்சி கருவறை விளக்கிலேயே இருக்கிறது. எண்ணெய்ச் சுடரின் மஞ்சள் வெளிச்சம் சுடருக்குள் மிதக்கும் கரித்துகள்களிலிருந்து வருவது. ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய கரி ஒளிர்கிறது. எரியாமல் தப்பிய அதே கரி மேலேறி, ஆறி, விதானத்தில் கறுப்பாகப் படிகிறது. கண்ணுக்குத் தீட்டும் மையும் அப்படித் தட்டில் பிடித்த கரிதான். சூட்டில் வெளிச்சம் தரும் பொருளும் குளிர்ந்தபின் வெளிச்சத்தை விழுங்கும் பொருளும் ஒன்றே என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்ட முடியாது.

அரக்குக்கும் விளக்குக்கும் உள்ள பொருத்தம் இங்கிருந்துதான் வருகிறது. சுடரின் ஒளியில் நீலம் குறைவு, சிவப்பு மிகுதி. அரக்கு திருப்பித் தரத் தெரிந்த ஒரே ஒளி சிவப்பு. எனவே குத்துவிளக்கின் முன்னால் அரக்குப் பட்டு உயிர்பெறுகிறது. கடையின் டியூப் லைட்டில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. திருப்பித் தர ஒன்றும் இல்லாததால் அரக்கு அங்கே கருங்காப்பியாகச் சோர்ந்து கிடக்கும். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் விவரம் தெரிந்த விற்பனையாளர், "வாசலுக்கு வந்து பாருங்கக்கா, அப்பத்தான் கலர் தெரியும்" என்று புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பது வெறும் வியாபாரப் பேச்சு ஆகாது. முழு நிறமாலையும் உள்ள ஒளிக்கு அவர் உங்களை அழைத்துப் போகிறார்.

அரக்கு உடலும் அடர்பச்சைக் கரையும் கோர்வையாகச் சேர்ந்த புடவை கிடைத்தால் பகலிலும் பாருங்கள், விளக்கிலும் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் கைகோத்து நெய்த புடவை அது. இரண்டு நிறமும் கலங்காமல் சந்திக்கும் அந்த எல்லையில் தாழம்பூ ரேக்கு பல்பல்லாக ஏறி இறங்கும். பகல் வெளிச்சத்தில் பச்சைக் கரை தெளிந்து நிற்கும். விளக்கொளியில் பச்சைக்குத் திருப்பித் தரப் போதிய பச்சை ஒளி கிடைக்காது, அது இருட்டுக்குள் ஒதுங்கும், அரக்கு முன்னால் வரும். ஒரே புடவை பகலுக்கு ஒரு முகமும் இரவுக்கு ஒரு முகமும் வைத்திருக்கிறது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் இந்த இருண்ட நிறங்கள் கூடுதல் பாடு. கறுப்புப் பாவில் அறுந்த இழை ஒன்றைத் தேடும்போது, தேட உதவ வேண்டிய வெளிச்சத்தையே பாவு விழுங்கிவிடுகிறது. கறுப்பில் பிசிறில்லாமல் நெய்த புடவையைப் பார்க்கும்போது அந்தக் கண்களையும் நினைக்க வேண்டும்.

நிறத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவைத் துணியை வைத்தே சோதித்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 18ஆம் நூற்றாண்டில் ஒரு வெயில் காலைப்பொழுதில் தையற்காரரின் மாதிரி அட்டையிலிருந்து பல நிறத் துணித்துண்டுகளை எடுத்துப் பனியின்மேல் பரப்பினார். சில மணி நேரத்தில் கறுப்பு எல்லாவற்றையும்விட ஆழம் இறங்கியிருந்தது. கருநீலம் ஏறக்குறைய அதே ஆழம். வெளிர் நிறங்கள் தத்தம் வெளிர்ப்புக்கு ஏற்ப மேலே. வெள்ளை பனியின்மேல் அப்படியே கிடந்தது. துணி வாங்கிய ஒளியின் அளவைப் பனி உருகி எழுதிக் காட்டிவிட்டது.

காஞ்சியில் பனி இல்லை, வைகாசி வெயில் உண்டு. வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குத் தெருவெல்லாம் ஜனம் நிறையும் மாதம். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். வெறுங்காலோடு கருங்கல் பிரகாரத்தைச் சுற்றுகிறவர்களுக்கு இந்த எண்ணின் பொருளை யாரும் விளக்க வேண்டாம். கல் வாங்கிய ஒளி சூடாகிறது. கல் சூட்டை நன்றாகக் கடத்துவதால், காலின் தோல் எவ்வளவு எடுத்தாலும் அடியிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கோடையில் வெள்ளைப் பூச்சுப் பாதை போடுவது, வாங்கும் பங்கைக் குறைக்கும் வழி. தேங்காய் நார் விரிப்புப் போடுவது, கடத்துவதைக் குறைக்கும் வழி.

கறுப்புப் பட்டோ வெயிலில் கல்லைப் போல நடந்துகொள்வதில்லை. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருகிறது. பல துணிச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே பிடிக்கும், அருகிலுள்ள அகச்சிவப்பைப் பிடிக்காது. அந்த ஒளியில் படமெடுத்தால் கறுப்புத் துணி வெளுப்பாகத் தெரிவதுண்டு. விளக்குக் கரி அப்படியல்ல, அது இரண்டையும் விழுங்கும். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கறுப்புகள் சூரியனுக்கு வேறு வேறு. சூடு துணியில் ஏறினாலும் உடம்பை அடைந்தே தீரும் என்பதும் இல்லை. பாலைவனத்து பெடூயின் மக்களின் கறுப்பு அங்கிகளை அளந்து 1980இல் வெளியான ஆய்வு ஒன்று, வெள்ளை அங்கியைவிடக் கறுப்பு அதிகம் சூடேறினாலும் தளர்ந்த துணிக்குள் ஓடும் காற்று அந்தக் கூடுதல் சூட்டைத் தோலுக்கு எட்டாமல் கொண்டுபோய்விடுகிறது என்று கண்டது.

வாங்கிய ஆற்றல் எப்போதும் வெறும் சூடாகி ஓய்ந்துவிடுவதும் இல்லை. எப்போதாவது ஒரு மூலக்கூறில், எலக்ட்ரான் இறங்குவதற்கு முன் பிணைப்பு ஒன்று முறிந்துவிடும். முறிந்த மூலக்கூறு இனிச் சாயம் இல்லை. கோடிக்கணக்கான தடவையில் ஒரு தடவைதான் என்றாலும் வெயிலில் வந்து விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு அதுவே போதும், நிறம் வெளுக்கிறது. புற ஊதா ஒளி பட்டுப் புரதத்தையே தாக்கி மஞ்சளிக்க வைக்கும். சாயமிட்ட கழிகளை நிழலில் உலர்த்துவதும், பட்டுப் புடவையை வெள்ளைத் துணியில் பொதிந்து பீரோவில் வைப்பதும், அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றுவதும் அனுபவத்திலிருந்து வந்த அறிவு. வருடக்கணக்காக வெளிச்சம் பட்ட மடிப்பு விளிம்பு ஒன்று வெளுத்து, அதன் உள்புறம் புதுப் புடவையாகவே இருப்பதைப் பார்த்தால், ஒளி எவ்வளவு வேலை செய்யும் என்பது விளங்கும். கைலாசநாதர் கோயிலின் சில சந்நிதிகளுக்குள் பல்லவர் கால ஓவியத் துணுக்குகள் இன்னும் வண்ணத்தோடு எஞ்சியிருப்பதில் அந்த உள்ளிருட்டுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சூடான புடவை அந்தச் சூட்டை என்ன செய்கிறது? காற்றுக்குக் கொஞ்சம் கொடுக்கிறது, உடம்புக்குக் கொஞ்சம். மிச்சத்தை மறுபடி ஒளியாகவே விடுகிறது. நம் ஊர் வெப்பநிலையில் இருக்கும் எந்தப் பொருளும் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அலைநீளமுள்ள அகச்சிவப்பை இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்கிறது. ஒரு பட்டிழையின் அகலமும் அதே அளவுதான். அந்த ஒளியில் நிறபேதம் கிடையாது. அரக்குப் பட்டும் வெள்ளை வேட்டியும் மனிதத் தோலும், எந்த நிறத் தோலானாலும், ஒன்றுபோலவே வாங்கி ஒன்றுபோலவே விடும். விலகி நிற்பது ஜரிகை ஒன்றுதான். பட்டு இழையில் வெள்ளித் தகட்டுக் கம்பி சுற்றி மேலே தங்க முலாம் பூசிய அந்த உலோகம், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே இந்த ஒளியையும் வாங்க மறுத்துத் திருப்பிவிடும், தானும் குறைவாகவே விடும். பட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கும், ஜரிகை வாங்குவதுமில்லை கொடுப்பதுமில்லை. ஒரே புடவையில் இரண்டு சுபாவங்களைச் சேர்த்து நெய்திருக்கிறார்கள்.

பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலத்தை இன்றும் எம்.எஸ். ப்ளூ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒரு நிறத்தை உருவாக்குவது என்றால் எந்த ஒளியை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தருவது, எவ்வளவு தருவது என்று முடிவு செய்வது. அந்த நீலம் சிவப்பையும் மஞ்சளையும் வைத்துக்கொண்டு நீலத்தை மட்டும் மேடையிலிருந்து அரங்குக்கு அனுப்பியது. அரக்கும் நாவற்பழமும் இதைவிடச் சிக்கனமானவை, நூற்றில் சில பங்கை மட்டுமே அனுப்புபவை. அந்தச் சில பங்கைக் கொண்டே செம்மையும் ஆழமும் காட்ட வேண்டும் என்பதால் சாயத்தில் துளி பிசகினாலும் நிறம் சேறாகிவிடும். நெய்தவரின் கைத்திறனைப் புகழும்போது, அந்தத் துளியைப் பிசகாமல் போட்ட சாயக்காரருக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும்.